வெந்நீர்ப் பெட்டியின் மூடியில் சிக்கல், வழி சொல்லுங்கள்

மகள் அறிவியல் போட்டிக்கு வெப்பம் காக்கும் பெட்டி செய்கிறாள். பீக்கரில் 250 மில்லி வெந்நீரை உள்ளே வைத்து, அரை மணி கழித்து எவ்வளவு சூடு மிச்சம் என்று பார்ப்பார்கள்.

அட்டைப்பெட்டி, பஞ்சு, பீக்கரைச் சுற்றி அலுமினியத் தாள். முதலில் பஞ்சை அழுத்தி அழுத்தித் திணித்தது நான்தான். தப்பு. சூட்டைத் தடுப்பது பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதானே! தளர்த்தியதும் கொஞ்சம் தேவலை. ஆனாலும் 80 டிகிரியில் ஊற்றிய நீர் 64க்கு இறங்கிவிடுகிறது.

எனக்குச் சந்தேகம் மூடி மேல்தான். திறந்தால் அடிப்பக்கமெங்கும் முத்து முத்தாக நீர்த்துளி. வெப்பமானி நுழையும் ஓட்டையைச் சுற்றி அட்டை ஊறிக் கிடக்கிறது. 1 கிராம் நீர் ஆவியாகப் போனாலே மீதி நீர் சுமார் 2 டிகிரி ஆறிவிடுமே.

அந்த ஓட்டையை எதை வைத்து அடைக்கலாம்? நடுவர்கள் வெப்பமானியைச் சொருகி எடுப்பார்கள், அதனால் பசை போட்டு ஒட்ட முடியாது. அப்புறம், அலுமினியத் தாள் பீக்கரைத் தொட்டபடி இருக்கலாமா, இடைவெளி வேண்டுமா? கடையில் விற்கும் பிளாஸ்க்கைச் சேர்க்க விதியில் இடமில்லை, அந்த யோசனை மட்டும் வேண்டாம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.