புதுப்பிப்பு: மலைச்சாலை அடைபட்டபோது அப்பாவின் டயாலிசிஸ்

மண்சரிவால் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டிருக்கையில், கோயம்புத்தூரில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பாவை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இங்கே கேட்டிருந்தேன். கோத்தகிரி வழியாகச் சுற்றி இறங்கி, தள்ளிப்போன சிகிச்சையை மறுநாள் முடித்துவிட்டோம். அவர் நலமாக இருக்கிறார்.

இடைப்பட்ட நேரத்தில் கைகொடுத்தது உணவுக் கட்டுப்பாடுதான். சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும் என்பதால், வாழைப்பழம், இளநீர், தக்காளி, கீரை, எங்கள் ஊர் உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அம்மா உப்புக் குறைத்த சோற்றைக் கொடுத்து, தண்ணீரைச் சிறு டம்ளரில் அளந்தே ஊற்றினார்.

ஜெனரேட்டர் இருந்தால் மலையிலேயே சமாளிக்கலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஒரு முறை டயாலிசிஸுக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். மண்சரிவில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் மின்சாரம் இருந்தும் பயனில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதைப் பார்த்த மாவட்டம் எங்கள் நீலகிரி. ஆகவே கனமழை எச்சரிக்கை வந்ததுமே, சாலை திறந்திருக்கும்போதே, முன்கூட்டி டயாலிசிஸ் செய்துவிடும்படி மருத்துவரிடம் கேளுங்கள். வேறு மையத்துக்குப் போக நேர்ந்தால் உலர் எடை (உடலில் தேங்கிய கூடுதல் நீரை நீக்கியபின் இருக்க வேண்டிய எடை), மருந்துப் பட்டியல், மஞ்சள் காமாலைக் கிருமிப் பரிசோதனை முடிவு மூன்றையும் கேட்பார்கள். அவற்றின் நகல்களை நனையாத உறையில் போட்டு வைத்திருங்கள்.