மடிப்புத் திரையில் தாமரையும் இலைக்கோழியும்: எங்கே தப்பு?

தேரூர்க்காரி:
அக்கா வீட்டுப் பால்காய்ப்புக்கு நாலு பலகை மடிப்புத் திரை வரைகிறேன். ஜப்பானில் ‘பியோபு’ என்பார்களே, அந்த மாதிரி, தங்க நிறப் பின்னணியில். பூவும் பறவையும் சேர்ந்த படத்துக்கு அங்கே ‘கச்சோ’ என்று தனிப் பெயரே உண்டு. நானும் எங்கள் குளத்துத் தாமரை, நீளவால் இலைக்கோழி, ஊசிவால் வாத்து, மீன்கொத்தி எல்லாவற்றையும் வைத்தேன். தனித்தனியே பார்த்தால் நன்றாக இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டும் பறவைப் படம் போல இருக்கிறது. அப்புறம், வெள்ளைக்குச் சிப்பிச் சுண்ணாம்பு போதுமா?

ஓவிய வாத்தியார், நாகர்கோவில்:
மக்ளே, கை சரியாக இருக்கிறது, மாதம்தான் குழம்பிவிட்டது. அந்தத் திரைகளில் பூதான் பறவைக்குக் காலம் சொல்லும். பிளம் பூவில் உகுயிசுக் குருவி வந்தால் வசந்தம் பிறக்கிறது. நாணலில் காட்டு வாத்து இறங்கினால் இலையுதிர் காலம். நாலு பருவமும் வரைந்தால் வலது ஓரத்தில் வசந்தம் தொடங்கும், இடது ஓரத்தில் பனி.

இலைக்கோழிக்கு நீள வால் இனப்பெருக்கக் காலத்தில்தான். வடக்கேயிருந்து ஊசிவால் வாத்து வரும்போது அந்த வால் உதிர்ந்திருக்கும். நீ இரண்டையும் ஒரே இலையருகே நிறுத்தியிருக்கிறாய். வலப்பக்கம் பூத்த தாமரையும் இலைக்கோழியும், இடப்பக்கம் காய்ந்த தண்டும் வாத்தும் இருக்கட்டும். மீன்கொத்தி வேண்டாம். நடுவே தங்கம் சும்மா கிடக்கட்டும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகாதா கோரின் 12 பலகையிலும் ஐரிஸ் பூவை மட்டுமே வரைந்தார், ஒரு பொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனாலும் அங்கே குளம் இருக்கிறது! டோக்கியோ நெசு அருங்காட்சியகத்தில் உள்ள அந்தத் திரையின் படத்தைத் தேடிப் பார்.

சூளையில் சுட்ட சுண்ணாம்பு கூடாது. அதன் காரம் சில நிறங்களைக் கெடுத்துவிடும். ஜப்பானியரின் ‘கோஃபுன்’ என்ற வெள்ளை, வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் கிடந்த சிப்பி ஓட்டை அரைத்த பொடி. விலங்குப் பசையில் குழைப்பார்கள்.

தக்கலை ஆசாரி:
தங்கச்சி, பலகையைக் கிடத்திப்போட்டு வரைகிறீர்களா? திரை மடங்கி மடங்கித்தான் நிற்கும். பறவையின் கழுத்து மடிப்பில் விழுந்தால் ஒரு பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்குத் தலை தெரியாது. முதலில் நிறுத்திவைத்து சாக்பீசால் குறித்துக்கொள்ளுங்கள்.

தேரூர்க்காரி:
சார், இன்று விடியக்காலம் குளத்தங்கரைக்குப் போனேன். கார்த்திகை வெயில் நன்றாக விழுந்திருந்தது. நாலு இலைக்கோழி நின்றன, ஒன்றுக்கும் நீள வால் இல்லை. நான் வரைந்தது ஆனியில் எடுத்த போட்டோவைப் பார்த்து. மீன்கொத்தி அக்காவுக்கு ரொம்பப் பிடிக்கும், அதை அழிக்கத்தான் மனசு வரவில்லை. அழித்துவிட்டேன்.