குவைத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: காற்றின் பெயரைக் கேட்டுவிட்டு வெளியே கிளம்புங்கள்

ஜூனில் வந்து இறங்குகிறவர்கள் பலரும் "சென்னையில் பார்க்காத கத்திரியா?" என்கிறார்கள். இது வேறு. ஊரில் வேர்வையில் சட்டை நனையும். இங்கே ஷமால் என்ற வறண்ட காற்று அடிக்கும்போது வேர்வை வந்ததுமே காய்ந்துவிடும், சாயங்காலம் கழற்றிப் போடும் சட்டையின் முதுகில் வெள்ளையாக உப்புப் படிந்திருப்பதைப் பார்த்தால்தான் உடம்பிலிருந்து எவ்வளவு போயிருக்கிறது என்றே தெரியும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடையில் விற்கும் லபனில் கொஞ்சம் உப்புப் போட்டுத் தண்ணீர் கலந்தால் நம்ம மோர்தான், அதையும் குடியுங்கள்.

ஷமால் ஈராக் பக்கமிருந்து வரும் வடமேற்குக் காற்று. ஜூன், ஜூலையில் சில சமயம் நாள்கணக்கில் விடாமல் வீசும். மண்ணை வாரிக்கொண்டு வந்தால் அது ‘தூஸ்’. கூட வேலை செய்யும் குவைத்திகள் அந்த வார்த்தையைச் சொன்னால் பால்கனித் துணிகளை எடுத்துவிட்டு, ஸ்லைடிங் சன்னலின் கீழ்ப் பள்ளத்திலும் கதவடியிலும் ஈரத்துணியை அடைத்துவையுங்கள், மாவு மாதிரி மண் அந்த வழியாகத்தான் வரும். புழுதி அடங்கியதும் ஏசி ஃபில்டரைக் கழுவுங்கள். வீசிங் இருப்பவர்கள் இன்ஹேலர் இல்லாமல் வெளியே போகவே வேண்டாம்.

தென்கிழக்கிலிருந்து வருவது கவுஸ், கடல் ஈரத்தோடு வரும், அப்போது நம்மூர்ப் புழுக்கம்தான். அனலாக முகத்தில் அறைவதைச் சமூம் என்பார்கள். கெய்ரோவுக்கு மாற்றல் ஆனால் அங்கே வசந்தத்தில் கம்சீன் என்ற அனல் புழுதிக்காற்று இருக்கிறது.

2016 ஜூலையில் இங்குள்ள மித்ரிபாவில் 53.9 டிகிரி பதிவானது. அந்த மாதிரி நாளில் ஏசி நின்றுபோனால் ஃபேனை நம்பி அறையில் உட்காராதீர்கள், அனலைத்தான் நம் மேல் தள்ளும், ஏசி இருக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரும் கொதிக்கும், அதனால் கோடையில் வீட்டுக்குள் இருக்கும் கீசரை அணைத்துவிட்டு அதில் தேங்கி ஆறிய தண்ணீரில் குளிப்பதுதான் இங்கே வழக்கம்.

வெளிவேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய பகல் 11 முதல் 4 வரை வெயிலில் வேலை வாங்கச் சட்டத்தில் இடமில்லை. சூப்பர்வைசர் என்ன சொன்னாலும் இது உங்கள் உரிமை. கூட இருப்பவர் பேச்சு குழறி, உடம்பு கொதித்தால் முதலில் 112க்கு அடியுங்கள், வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.