லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்: ‘உறைவெதிர்ப்பி’ பொருந்துமா?

காரைக்குடி:
ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்கான (உடம்பே உண்டாக்கும் எதிர்பொருள்களால் ரத்தம் கட்டும் நோய்) சோதனைகள் மூன்று; அவற்றுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் எதிர்பொருள்களை எலைசா என்ற ஆய்வக முறையில் அளக்கிறோம், பெயரிலும் தகராறில்லை. இடிப்பது மூன்றாவதான லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற எதிர்பொருள்தான்; அதை ‘உறைவெதிர்ப்பி’ என்கிறோம். ரத்தம் கட்டாதிருக்கத் தரும் வார்ஃபரின் மருந்தையும் ‘உறைவெதிர்ப்பி’ என்றே எழுதுகிறோம். “உங்கள் ரத்தத்தில் உறைவெதிர்ப்பி இருக்கிறது, ஆகவே உறைவெதிர்ப்பி சாப்பிடுங்கள்” என்றால் யார் கேட்பார்கள்? உறைவது சோதனைக் குழாயில்தான் தாமதம். உடம்பிலோ காலிலும் நுரையீரலிலும் ரத்தம் கட்டுகிறது. லூபஸ் (தன்னெதிர்ப்பு நோய் ஒன்று) இல்லாத பலருக்கும் இது உண்டு. 1972இல் வைத்த பெயரில் இரண்டு சொல்லுமே தப்பு. ‘உறைநேர நீட்டி’ எனலாமா?

தேவகோட்டை:
அண்ணே, ஹெப்பாரின் மருந்தும் உறைநேரத்தை நீட்டுமே! கண்ணாடி விரியன் நஞ்சை நீர்க்கவைத்துச் சேர்த்து நேரம் பார்க்கிறோம். (கடிபட்டால் ரத்தம் உறையாதே என்பார்கள் நம் பக்கம். நஞ்சு தூண்டித் தூண்டி உறைபொருளெல்லாம் தீர்ந்துபோவதால்தான் அது.) நேரம் நீண்டால் நலமானவர்களின் பிளாஸ்மாவைச் சமபங்கு கலக்கிறோம். ரத்தத்தின் உறைகாரணிக் குறைவு என்றால் நேரம் சரியாகும், தடுப்பான் என்றால் ஆகாது. கடைசியில் பாஸ்போலிப்பிட்டை (உறைதலுக்கு வேண்டிய ஒரு கொழுமியம், அதாவது லிப்பிட்) கூட்டுகிறோம். நேரம் சுருங்கினால்தான் அது லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட். அந்தச் சார்பு பெயரில் வேண்டும்: ‘கொழுமியஞ்சார் உறைநேர நீட்டி’.

கானாடுகாத்தான்:
தம்பி, கொழுமியம் என்று கண்டதும் கொலஸ்ட்ரால் என நினைத்து நெய்யை நிறுத்திவிடுவார்கள். உடம்பு தன்னையே எதிர்த்து உண்டாக்குவதுதானே, ‘தன்னெதிர் உறைநேர நீட்டி’ போதாதா?

தேவகோட்டை:
போதாது ஆச்சி. எட்டாம் காரணியைத் தடுக்கும் எதிர்பொருளும் தன்னெதிர்தான். அதில் ரத்தம் கொட்டும். இரண்டும் ஒரே பெயருக்குள் வந்தால் ஆபத்து.

காரைக்குடி:
சரி, ஆய்வகத் தாளில் ‘கொழுமியஞ்சார் உறைநேர நீட்டி’. நோயாளிக்கான தாளில் ‘சோதனைக்குழாய் உறைநேர நீட்டி’; நீள்வது சோதனைக் குழாயில் மட்டுமே என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

ரத்த மாதிரி எடுக்கும் குறிப்பையும் சேர்க்கிறேன். 3.2% சிட்ரேட் 1 பங்கு, ரத்தம் 9 பங்கு. இரண்டு தடவை சுழற்றி, மைக்ரோலிட்டருக்கு 10,000க்கும் குறைவாகத் தட்டணுக்களைக் கொண்டுவர வேண்டும். மிஞ்சியவை, மாதிரியைக் குளிரில் உறையவைக்கும்போது உடைந்து பாஸ்போலிப்பிட்டைக் கொட்டும். எதிர்பொருள் அதில் ஒட்டிக்கொள்ள, இருப்பதும் இல்லையென்று வரும். ரிவரோக்ஸபான் (இன்னோர் உறைவெதிர்ப்பு மருந்து) எடுப்பவருக்கு இல்லாததும் இருப்பதாகக் காட்டும்.

கானாடுகாத்தான்:
முதல் சோதனைத் தாளில் ‘உள்ளது’ என்று அடிக்காதீர்கள். காய்ச்சலோடு வந்து போகிற எதிர்பொருளும் உண்டு. ‘தென்படுகிறது, 12 வாரம் கழித்து மறுசோதனை’ என்றிருக்கட்டும். இரண்டாவதிலும் வந்தால் ‘நிலைத்துள்ளது’.