வாப்பா விட்டுச் சென்ற 207

வாப்பா மௌத்தாகி (இறந்து) நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுநாள், தொண்டியில் எங்கள் வாசலில் நின்ற டாடா 207 டிஐ சரக்கு வண்டியை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தது. 2004-இல் வாங்கிய அந்த வண்டிதான், தொண்டியிலும் நம்புதாளையிலும் ஏலம் எடுத்த மீனை ஐஸ் போட்டுப் பெட்டி பெட்டியாக மதுரைக்குக் கொண்டு சென்று எங்களை வளர்த்தது. விற்கவே கூடாது என்று லாத்தா (அக்கா) அழுதார். எஞ்சின் இன்னும் ஐந்து வருடம் உழைக்கும் என்றார் மச்சான். அவர் சொன்னதில் தவறில்லை; நான்கு மாதம் நின்றிருந்த வண்டி, புது பேட்டரி வைத்துக் கைப்பம்பை அடித்து டீசல் குழாயிலிருந்து காற்றெடுத்ததும் இரண்டாவது முயற்சியிலேயே ஸ்டார்ட் ஆனது.

ஆனால் எங்கள் கடற்கரையில் ஒரு மீன் வண்டியின் ஆயுளை எஞ்சின் முடிவு செய்வதில்லை. பெட்டிகளிலிருந்து உருகி வடியும் ஐஸ் தண்ணீர் மீனின் உப்போடும் இரத்தத்தோடும் கலந்து, பாடிப் பலகையின் இடுக்கு வழியாக நேராகச் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், சொட்டுகிறது. வாப்பா ஒவ்வொரு லோடு இறக்கிய பிறகும் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுவார். குடிக்கும் தண்ணீரையே குடம் கணக்கில் விலைக்கு வாங்கிய காலத்திலும் அதை நிறுத்தவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், வண்டியை மேடேற்றி, துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் கழிவு ஆயிலைப் பிரஷ்ஷால் தடவுவார். அவர் படுத்த கடைசி இரண்டு வருடம் கூலிக்கு ஓட்டுநர் வைத்து ஓட்டினோம். அந்த வேலையை யாரும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

வாப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, சிறிய சுத்தியலால் சேஸிஸை முன்னிருந்து தட்டிக்கொண்டே வந்தார். பாதி தூரம் வரை கணீரென்று கேட்ட சத்தம், பின்பக்க இடது ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தை நெருங்கியதும் மண்சட்டியைத் தட்டியதுபோல் மங்கியது. அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார். பிடி வரை உள்ளே போனது. இழுத்தபோது துரு அப்பளம்போல் அடுக்கடுக்காக உதிர்ந்து அவர் சட்டையில் விழுந்தது. தகடு வைத்து வெல்டிங் செய்யலாம் என்றாலும், ஓரத்து இரும்பே மக்கிப்போன இடத்தில் வைக்கும் ஒட்டு, ஆண்டுதோறும் வரும் எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனைக்கு நிற்குமே தவிர, ஒரு டன் பாரத்துக்கு நிற்காது என்று அவர் சொன்னதும் ஓட்டும் எண்ணத்தை நான் விட்டுவிட்டேன்.

இதே நிலையில் இருப்பவர்கள் காகித வேலையை முதலில் முடித்துவிடுங்கள் என்று வேண்டிக் கேட்கிறேன். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழும் உம்மா, லாத்தாவின் சம்மதக் கடிதமும் சேர நாளானதால் நாங்கள் முதல் கெடுவைத் தவறவிட்டோம்.

பெயர் மாறுவதற்குள்ளேயே சீமைக்கருவேல மரக் கரி ஏற்றும் வியாபாரி ஒருவர் வந்து, "பேப்பரே வேண்டாம் தம்பி, வண்டியை மட்டும் கொடுங்க" என்று ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேசினார். பழைய இரும்பாகப் போட்டால் அதில் பாதிகூடத் தேறாது என்பதால் மச்சானுக்கு மனம் அசைந்தது. நான் மறுத்துவிட்டேன். பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதைவிட, அந்தச் சேஸிஸ் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கரி மூட்டைகளோடு முறிந்தால் பின்னால் பைக்கில் வருபவர் யாராக இருப்பார் என்ற நினைப்பு எனக்குத் தூக்கம் தரவில்லை.

பெயர் மாறியதும், அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் வண்டியை ஒப்படைத்து, அதற்கான சான்றைப் பெற்று, பதிவையும் ரத்து செய்தோம். கிடைத்த தொகை ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பங்கு பிரிப்பதற்கு முன்னால், வாப்பா டீசல் போட்ட பெட்ரோல் பங்க்கில் நின்றிருந்த கடனை அடைத்துவிட்டு வரச் சொன்னார் உம்மா. அன்று மாலையே போய் அடைத்தேன்.