டவலில் வந்த ஈர வாடை: வாஷிங் மெஷினோடு நாங்கள் பட்ட பாடு

மடிப்பாக்கம் மருமகள்

போன புரட்டாசியில ஆரம்பிச்சது. குளிச்சிட்டு வந்த மாமனார் டவலை முகத்துல ஒத்தினார். அப்படியே நிறுத்தி ஒரு தடவை மோந்து பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. டவலை மடிச்சு நாற்காலி மேல வெச்சிட்டு, கொடியில கிடந்த பழைய காசித்துண்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். அதுக்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்.

எங்களோடது 7 கிலோ ஃப்ரன்ட் லோடு. வாங்கி 6 வருஷம் ஆச்சு. அடுப்படிக்குப் பின்னாடி சர்வீஸ் ஏரியாவுல நிக்குது, போர் தண்ணி. இதுல வினோதம் என்னன்னா, காய்ஞ்ச டவல்ல ஒரு வாடையும் இருக்காது. மேல ஈரம் பட்டதும்தான் கிளம்பும். மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி.

நான் செஞ்சதெல்லாம் தப்புன்னு இப்பத் தெரியுது. முதல்ல பவுடரை ஒரு ஸ்பூன் கூட்டினேன். அப்புறம் கண்டிஷனரைக் கூட்டினேன். அப்புறம் டெட்டால் ஒரு மூடி. ரெண்டு நாள் ஆஸ்பத்திரி வாசனை, மூணாவது நாள் ஆஸ்பத்திரி வாசனையோட சாக்கு வாசனை.

ஒரு நாள் கதவோரம் இருக்கிற ரப்பர் வளையத்தோட மடிப்பை விரிச்சுப் பார்த்தேன். அடியில ஒரு கரண்டி கறுப்புத் தண்ணி நிக்குது. அதுல முடிச்சுருள், ஒரு ரூபாய்க் காசு, ரெண்டு ஸ்டிக்கர் பொட்டு, பையனோட சாக்ஸ் நூல். ரப்பர் உள்பக்கம் பூரா கறுப்புப் புள்ளி, தொட்டா வழவழன்னு. ஒரு வாரம் மாத்தாத பூ ஜாடித் தண்ணி எப்படி நாறும், அப்படி. பழைய பனியன் மூணு கிழிச்சுத் துடைச்சேன். ரெண்டு துவையலுக்கு நல்லா இருந்துச்சு, திரும்ப வந்துடுச்சு.

யாரெல்லாம் இதுல மாட்டி மீண்டீங்க? விளம்பரத்துல வர்றது வேண்டாம், நீங்க கைப்படச் செஞ்சதைச் சொல்லுங்க.

அம்பத்தூர் சர்வீஸ்காரர்

மேடம், 20 வருஷத்துக்கு மேல இதே தொழில். நீங்க பார்த்தது வாசல் மட்டும்தான், வீட்டுக்குள்ள நீங்க போகலை.

நீங்க துணி போடுற ஸ்டீல் டிரம்முக்கு வெளியே இன்னொரு பிளாஸ்டிக் டப் இருக்கு. தண்ணி நிக்கிறது அதுலதான். டிரம்முக்குப் பின்னாடி மூணு கை வெச்ச அலுமினிய பாகம் ஒண்ணு பிடிச்சிருக்கும், நாங்க ஸ்பைடர்னு சொல்வோம். கழட்டிப் பார்த்தா அதுல சாம்பல் கலர்ல ஒண்ணு அப்பியிருக்கும், கிட்டத்தட்ட அதிரச மாவு பதம். வீட்டுக்காரங்க 'இவ்வளவு அழுக்கா!'ன்னு கேப்பாங்க. அது பாதிக்கு மேல உங்க பவுடரும் கண்டிஷனரும்தான். உடம்பு எண்ணெய்ப் பிசுக்கும் அதோட சேர்ந்து பச்சைத் தண்ணியில கரையாம ஒட்டிக்கும். கிருமிக்கு அதான் சாப்பாடு. எல்லாரும் 15 நிமிஷ குயிக் வாஷ்தான் போடுறாங்க, வெந்நீர் பட்டனைத் தொட்டதே இல்லை. ரொம்ப நாள் விட்டா அந்த ஸ்பைடரே அரிச்சு உடையும். அப்ப டிரம் ஆட ஆரம்பிக்கும், செலவு பெருசு.

முன்பக்கம் கீழே வலது மூலையில ஒரு சின்னக் கதவு இருக்கும் (சில மாடல்ல இடது பக்கம்). அதுக்குள்ளதான் பம்ப் ஃபில்டர். கரன்ட்டை நிறுத்திட்டு, பக்கத்துல இருக்கிற சின்ன டியூபை இழுத்து மூடியைக் கழட்டி, தட்டுல தண்ணியை வடிச்சிட்டு, அப்புறம்தான் ஃபில்டரைத் திருகணும். நான் தொழிலுக்கு வந்த புதுசுல இது தெரியாம நேராத் திருகிட்டேன். அரை பக்கெட் நாத்தத் தண்ணி, அவங்க ஹால் கார்ப்பெட் வரைக்கும் போச்சு.

இந்த ஃபில்டர்ல நான் எடுக்காத பொருள் இல்லை. ஹேர்பின், ஊக்கு, ப்ளவுஸ் கொக்கி, சட்டைப் பட்டன். ஒரு வீட்டுல கம்மலோட தங்கத் திருகாணி வந்துச்சு. அந்தம்மா அதைக் கையில வாங்கினாங்க, சந்தோஷப்படலை. அது தொலைஞ்சப்ப வேலைக்கார அம்மாவைச் சந்தேகப்பட்டு நிறுத்திட்டாங்களாம். நான் பில் எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பிட்டேன்.

மாசம் ஒரு தடவை ஃபில்டர். மாசம் ஒரு தடவை காலி மெஷின்ல 'டப் கிளீன்' இல்லேன்னா 60 டிகிரி, 90 டிகிரி எது இருக்கோ அது. இதைச் செஞ்சா என்னை மாதிரி ஆளைக் கூப்பிட வேண்டி வராது. தொழிலுக்குத் துரோகம்தான், என்ன பண்றது.

சிறுவாணித் தண்ணி

சென்னையில இருந்து கோவைக்கு மாத்தலாகி வந்தப்ப எனக்கு நடந்தது. சென்னை போர் தண்ணிக்குப் போட்ட அதே ரெண்டு ஸ்பூன் பவுடரை இங்கேயும் போட்டேனுங்க. கண்ணாடிக்குள்ள நுரை தவிர ஒண்ணும் தெரியலை. மெஷினே நுரை அதிகம்னு கண்டுபிடிச்சு அலசுது, அலசுது, அலசிட்டே இருக்குது. உப்பு இல்லாத தண்ணிக்குக் கொஞ்சம் பவுடரே போதும்னு யாரும் சொல்லலை.

உங்க மெஷின்ல பழைய சோப்பு தேங்கியிருக்கான்னு பார்க்க ஒரு வழி இருக்குது. பவுடரே போடாம, துவைச்ச டவல் ரெண்டைப் போட்டு வெந்நீர்ல ஓட விடுங்க. நான் விட்டேன். 10 நிமிஷத்துல கண்ணாடி பூரா நுரை. அத்தனையும் டவலும் மெஷினும் மென்னு வெச்சிருந்த பழைய பவுடர். மூணு தடவை ஓட்டின பிறகுதான் தண்ணி தெளிஞ்சுது. இப்பப் போடுறது முக்கால் ஸ்பூன்.

ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 32 ஆண்டுகள் பிள்ளைகளுக்கு அமிலமும் காரமும் நடத்திய நான், வீட்டில் வாடை வந்தபோது வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகப் போட்டேன். பொங்கி வருவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பொங்கி முடிந்ததும் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர். ஒன்றை ஒன்று தின்று தீர்த்துவிடும், அழுக்குக்கு எதுவும் மிச்சம் இருக்காது. இது பத்தாம் வகுப்புப் பாடம்.

இரண்டாவது தவறு அபாயமானது. ரப்பரில் இருந்த கறுப்பைப் போக்க பிளீச் தடவினேன். அது காயும் முன்பே உப்புக் கறைக்காகச் சிட்ரிக் அமிலத்தையும் கொட்டிவிட்டேன். மூக்கில் சுரீரென்று ஏறியது. கண்ணில் நீர், அரை மணி நேரம் இருமல். குளோரின் வாயு. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ரு போர்க்களத்தில் படைவீரர்கள்மேல் திறந்துவிட்ட அதே வாயுவை நான் என் பால்கனியில் சிறிய அளவில் தயாரித்திருக்கிறேன். பிளீச் ஒரு நாள் என்றால், நன்றாக அலசி ஓட்டிவிட்டு, அமிலம் வேறொரு நாள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

உப்புத் தண்ணீர் வீடுகளில் ஹீட்டர் கம்பிமேல் வெள்ளையாகப் படிவது கால்சியம் கார்பனேட். இதற்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், நன்றாக வேலை செய்யும். காலி டிரம்மில் 100 கிராம் போட்டு ஓட்டுகிறேன். 60 டிகிரிக்கு மேல் வைப்பதில்லை, ஏனென்றால் சூடு ஏறினால் கால்சியம் சிட்ரேட் கரையாமல் அதுவே படிய ஆரம்பிக்கும். உங்கள் மெஷினின் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ஈரம் பட்டால்தான் வாடை என்றீர்கள் அம்மா, சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்குக் காரணமாக மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவைக் காட்டினார்கள். காய்ந்த துணியிலும் செத்துப் போகாமல் கிடக்கும் வகை அது. ஆகவே மெஷினை மட்டும் சுத்தம் செய்தால் போதாது, டவல்களையும் ஒரு தடவை வெந்நீரில் போட்டெடுங்கள்.

மதுரை டாப் லோடு

ஃப்ரன்ட் லோடுக்காரங்களுக்கு மட்டுந்தான் கஷ்டம்னு நினைச்சிராதீக. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து, காலையில கட்டுறதுக்குன்னு பட்டுக்கரை வேட்டியை முதநாள் மெஷின்ல போட்டேன். எடுத்து உதறுனா தேயிலைத் தூள் தூவுன மாதிரி கறுப்புச் செதில். தட்டுனா உதிரல, தேச்சா இழுவுது. வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அது தனிக் கதை.

காதுகுத்து முடிஞ்ச மறுநாள் உக்காந்தேன். அடியில சுத்துற பல்சேட்டர் தட்டுக்கு நடுவுல ஒத்தை ஸ்க்ரூதான். ஸ்க்ரூ வந்துருச்சு, தட்டு வரலை. ரெண்டு பக்கமும் ஓட்டைக்குள்ள கம்பிக் கொக்கி மாட்டி இழுத்தேன். டப்புனு வந்து நானே மல்லாந்துட்டேன். அடியில பார்த்தா, மாட்டுத் தொழுவம் தேவலை. நூலும் முடியும் சேர்ந்து கம்பளி மாதிரி திரண்டு கிடக்கு, அதுக்கடியில கறுப்புக் கூழ். பழைய டூத் பிரஷ், பாத்திரம் விளக்குற நார், ரெண்டு மணி நேரம்.

இப்ப நூல் தூசியைப் பிடிக்கிற லின்ட் ஃபில்டர் பையை ஒவ்வொரு துவையலுக்கும் பிதுக்கி எடுத்துக் கழுவுறேன். அது கிழிஞ்சிருந்தா தச்சுப் போடாதீக, புதுசு வாங்கிருங்க. என் கூத்துக்குக் காரணமே அந்தக் கிழிசல்தான்.

லண்டனில் ஒரு யாழ்ப்பாணத்தார்

இஞ்ச மெஷின் குசினிக்குள்ளதான் இருக்கும், அதாலை மணந்தா சமைக்கேலாது. கரன்ட் பில்லுக்குப் பயந்து வருசக் கணக்கா 30 டிகிரியிலைதான் உடுப்புத் தோய்ச்சனாங்கள். அதோடை தோய்ச்சு முடிஞ்ச உடனை கதவைச் சாத்திப் போடுவம். இப்ப கதவும் சோப்புப் போடுற தட்டும் எந்த நேரமும் ஒரு விரக்கடை திறந்துதான் இருக்கும். ஆனால் சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டிலை கவனம், அதுகள் மெஷினுக்குள்ளை ஏறிப்போடும்.

அந்தத் தட்டை முழுசா இழுத்துக் கழட்டிப் பாத்தனீங்களோ? கழட்டின ஓட்டைக்குள்ளை போன் வெளிச்சத்தைப் பிடிச்சு மேலை பாருங்கோ. தண்ணி விழுகிற துளையளைச் சுத்திக் கறுப்பாப் பிடிச்சிருக்கும். ஒருத்தரும் அங்கை பாக்கிறேல்லை.

தஞ்சாவூர் செமி ஆட்டோமேட்டிக்

எங்க வீட்டு வாடைக்கு வினிகரும் வேண்டாம் சோடாவும் வேண்டாம்னு தெரிய நாலு நாள் ஆச்சு. மெஷின் அடியில எலி செத்துக் கிடந்துச்சு. சாகறதுக்கு முன்னாடி வயரையும் கடிச்சு வெச்சிருந்துச்சு. அடித் தட்டு வலை இல்லாதவங்க வாங்கிப் போட்டுடுங்க.

பள்ளிக்கரணை வெள்ளம்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க தரைத்தள வீட்டுல மூணு நாள் தண்ணி. மெஷின் பாதி முழுகிடுச்சு. தண்ணி வடிஞ்சதும் 'ஓடுதான்னு பார்ப்போம்'னு என் தம்பி பிளக்கைச் சொருகப் போனான், கையைத் தட்டிவிட்டேன். மோட்டாரையும் சர்க்யூட் போர்டையும் கழட்டிக் காய வெச்சு, மெக்கானிக் சோதிச்சுச் சொன்ன பிறகுதான் கரன்ட் கொடுத்தோம். ஓடிச்சு. ஆனா சாக்கடைச் சேறு வாடை போக ரெண்டு மாசம் ஆச்சு. முதல் பத்து ஓட்டம் துணியே போடலை, காலி மெஷின், வெந்நீர் மட்டும்.

உங்களுக்கு ஒரு கேள்வி. வாடை ஈரத் துணி வாடையா, சாக்கடை வாடையா? ரெண்டும் வேற வேற நோய். அழுக்குத் தண்ணி வெளியேறுற ட்ரெயின் ஹோஸ் எங்கே போகுதுன்னு பார்த்தீங்களா?

மடிப்பாக்கம் மருமகள்

மூணு வாரம் கழிச்சு வர்றேன். வரிசையா எல்லாம் செஞ்சாச்சு.

ஃபில்டரைத் தட்டு வெச்சுத் திறந்தேன். தங்கம் ஒண்ணும் வரலை. கொலுசு முத்து ஒண்ணு, சேஃப்டி பின் மூணு, கூழாப் போன பஸ் டிக்கெட். சோப்புத் தட்டைக் கழட்டினா கண்டிஷனர் ஊத்துற குழியில ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி நீலக் கூழ். மேல் துளைகளும் லண்டன்காரர் சொன்ன மாதிரியேதான், பிரஷ் நாலு இன்ச்சுக்கு மேல எட்டலை, குச்சியில கட்டித் தேய்ச்சேன். எலுமிச்சை உப்பு ஒரு நாள். இடையில ஒரு நாள் விட்டு வெந்நீர் ஓட்டம். டவல் எல்லாம் 60 டிகிரியில, பவுடர் இல்லாம. நுரை வந்துச்சு, கோவைக்காரர் சொன்னது சத்தியம்.

டவல் வாடை போச்சு. ஆனா காலையில மெஷின் கதவைத் திறந்தா ஒரு வாடை மட்டும் போகலை. பள்ளிக்கரணைக்காரர் கேட்ட பிறகுதான் பின்னாடி எட்டிப் பார்த்தேன். மாட்டினவங்க ட்ரெயின் ஹோஸைத் தரைக் குழாய்க்குள்ள ரெண்டடி இறக்கி, சுத்திலும் டேப் போட்டு அடைச்சிருக்காங்க. சாக்கடைக் காத்து மேல வராம தடுக்கக் குழாய் வளைவுல (ட்ராப்) நிக்கிற தண்ணியைத் தாண்டி ஹோஸ் வாய் நேரா சாக்கடைக் குழாய்ல இருக்கு. சாக்கடைக் காத்து ஹோஸ் வழியா மெஷினுக்கு வந்துட்டு இருந்திருக்கு, 6 வருஷமா. பிளம்பர் வந்து மேல தூக்கி, ஒரு ஜாண் மட்டும் உள்ளே விட்டு, டேப்பை எடுத்துட்டுப் போனார். கால் மணி நேர வேலை. நான்தான் அதுக்கு முன்னாடி டெட்டால், கண்டிஷனர்னு எவ்வளவு ஊத்தியிருக்கேன்.

இப்ப பவுடர் ஒரு ஸ்பூன்தான், கண்டிஷனர் பாட்டிலை எடுத்தே பார்க்கலை. துணி முடிஞ்ச அரை மணிக்குள்ள எடுத்து உலர்த்திடறேன், மறந்து ராத்திரி பூரா கிடந்தா மறுபடி அலச விடறேன். ரப்பர் மடிப்பைக் கடைசித் துணியாலேயே ஒரு சுத்து துடைச்சிட்டுக் கதவைத் திறந்து விட்டுடறேன்.

நேத்து மாமனார் குளிச்சிட்டு வந்து டவலை முகத்துல ஒத்தினார், அப்படியே தோள்ல போட்டுக்கிட்டுப் பேப்பர் படிக்கப் போயிட்டார். துணி மடிச்சிட்டு இருந்த மாமியார்தான் ஒரு புடவையை எடுத்து மோந்து பார்த்தாங்க. ரெண்டாவது தடவையும் மோந்தாங்க.

"ஏம்மா, ஒரு வாசனையுமே வரலையே. பவுடர் போட்டியா இல்லையா?"