பேசுகிறவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர்: இசை அனிமேக்களின் ஆங்கில டப்பிங் அனுபவங்கள்

இரவல் இயர்போன்:

இசைக் கலைஞர்களைப் பற்றிய அனிமேக்களை (ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள், படங்கள்) ஆங்கில டப்பிங்கில் பார்த்தவர்கள் அனுபவத்தை எழுதுங்கள். "ஜப்பானிய மொழியில் பார்ப்பவன்தான் ரசிகன்" என்கிற பழைய பஞ்சாயத்து இங்கே வேண்டாம். எந்தக் குரல் பொருந்தியது, எங்கே இடறியது, அதைச் சொன்னால் போதும்.

நானே தொடங்கி வைக்கிறேன். 'நானா'. மேட்ஹவுஸ் ஸ்டுடியோ தயாரிப்பு, 2006-07இல் ஒளிபரப்பான 47 அத்தியாயங்கள். ஆங்கிலக் குரல்கள் கனடாவின் வான்கூவரில் பதிவானவை. பங்க் ராக் பாடகி நானா ஒசாகிக்கு ரெபெக்கா ஷோய்செட், அதே பெயர் கொண்ட தோழி நானா கொமாட்சுவுக்கு கெல்லி ஷெரிடன். கெல்லி பல பார்பி படங்களில் பார்பியாகவே பேசியவர். இந்தத் தேர்வைச் செய்தவர் கெட்டிக்காரர். டோக்கியோவுக்குப் போகிற ரயில் பனியில் நின்றுவிட, பக்கத்து இருக்கையில் இருப்பவளிடம் கொமாட்சு நிறுத்தாமல் பேசுகிறாளே, அந்த இடத்தைக் கேட்டுப் பாருங்கள். கெல்லி மூச்சுவிடாமல் ஓட, ரெபெக்கா அடித்தொண்டையில் ஓரிரு வார்த்தை மட்டும் போட்டு ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறார். இரண்டு பெண்களின் குணமும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆனால் நானா ஒசாகி மைக்கைப் பிடித்ததும் ரெபெக்கா மறைந்துவிடுகிறார். அதுவரை தாழ்ந்து வந்த குரல் நின்று, ஜப்பானியப் பாடகி அன்னா த்சுச்சியாவின் கரடுமுரடான குரல் சட்டென்று உள்ளே வருகிறது. ஆங்கிலப் பதிப்பில் பாடல்களை மாற்றவில்லை. இதில் வேடிக்கை, ரெபெக்கா நல்ல பாடகி. 'மை லிட்டில் போனி'யில் ட்வைலைட் ஸ்பார்க்கிள் பாடுகிறபோது ஒலிப்பது அவர் குரல்தான்; பேச்சு வேறொருவருடையது. அங்கே இன்னொருத்தியின் பேச்சுக்கு இவர் பாடினார், இங்கே இவர் பேச்சுக்கு இன்னொருத்தி பாடுகிறார்!

பின்வரிசை:

நல்ல தொடக்கம் அண்ணே. ஒரு கேள்வி மட்டும். ஜப்பானியப் பதிப்பிலும் ஒசாகிக்கு ரோமி பாக் பேசுகிறார், அன்னா த்சுச்சியாதான் பாடுகிறார். அங்கே உறுத்தவில்லையா? பின்னணிப் பாடகர்களோடு வளர்ந்த காது நமக்கு. 'சிந்து பைரவி'யில் சிவகுமார் கர்நாடக சங்கீத வித்வானாகவே வருகிறார், வாயைத் திறந்தால் யேசுதாஸ். 1985இல் யாரும் முகம் சுளிக்கவில்லையே?

இரவல் இயர்போன்:

அங்கே நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம். தவிர ரோமி பாக் குரலிலேயே ஒரு சொரசொரப்பு உண்டு. அதிலிருந்து அன்னாவுக்குத் தாவுகிற தூரம் குறைவு. ரெபெக்காவின் குரலில் இருப்பது வேறு வகைக் கனம், வழுவழுப்பானது. நடிப்பில் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் நடிகர் தேர்வு என்றால் பாடுகிற குரலையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுத்தானே தேர்ந்தெடுக்க வேண்டும்?

வாய்ஸ் பூத்:

நான் சென்னையில் கார்ட்டூன்களுக்குத் தமிழ் டப்பிங் பேசுகிறவள். அமெரிக்க ஸ்டுடியோக்களில் வேலை செய்ததில்லை, ஆனால் தொழில் எங்கும் ஒன்றுதான். பாட்டை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன்.

டப்பிங்குக்கு வருகிற பொருளில் வசனம் தனி, இசையும் சத்தங்களும் தனி. வசனத்தை எடுத்துவிட்டு நம் குரலை வைக்கலாம். பாட்டு அப்படி இல்லை. அதில் பாடகரின் குரலும் இசையோடு சேர்ந்து வந்துவிடும். குரல் நீக்கிய இசை தனியாக வேண்டும், பாட்டின் உரிமையாளரான இசை நிறுவனம் அனுமதி தர வேண்டும், புதிதாக வரிகள் எழுத வேண்டும், வாயசைவுக்கு ஒத்துவர வேண்டும், பாடத் தெரிந்த நடிகர் வேண்டும். இதில் ஏதாவது ஒன்று தட்டினால் போதும், "அசல் பாட்டே இருக்கட்டும்" என்று முடித்துவிடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஜப்பானில் பெரும்பாலும் நடிகர்கள் ஒரே அறையில், சில மைக்குகளுக்கு முன்னால் மாறி மாறி வந்து நின்று பேசுவது வழக்கம். ஆங்கில டப்பிங்கில் ஒவ்வொருவரும் தனித்தனியாக உள்ளே போய்த் தன் வசனத்தை மட்டும் பேசிவிட்டு வருவார்கள். இசைக்குழுக் கதைகளில் இதை நன்றாகவே உணரலாம். நான்கு பேர் ஒருவர் பேச்சில் இன்னொருவர் புகுந்து கலாய்க்கிற இடத்தைத் தனியாக நின்று பேசி ஒட்டவைப்பது லேசுப்பட்டதல்ல. பள்ளி மாணவிகளின் இசைக்குழுக் கதையான 'கே-ஆன்!' முதல் பருவத்தின் ஆங்கிலப் பதிப்பில் அது ஓரளவு கைகூடியிருக்கிறது. ரிட்சுவாக கசாண்ட்ரா லீ அடிக்கிற கேலிக்கு மியோவாக கிறிஸ்டினா வீ சிணுங்குகிற நேரக்கணக்கு சரியாக உட்காருகிறது.

அதிலேயே ஒரு காட்சி. முதல் பள்ளி விழாவுக்குப் பயிற்சி எடுத்து எடுத்து யுயியின் தொண்டை கட்டிப்போகிறது. ஸ்டெஃபனி ஷே அந்தக் கட்டைக் குரலில் பேசுவதைக் கேளுங்கள். வெறுமனே கரகரப்பாகப் பேசுவது எளிது. கரகரப்புக்குள் யுயியின் அசட்டு உற்சாகம் குறையாமல் இருக்க வேண்டும், அதைச் செய்திருக்கிறார். அப்புறம் மியோ மேடையேறிப் பாடுகிறாள். ஒலிப்பது ஜப்பானிய மியோவான யோகோ ஹிகாசாவின் பாட்டு. கிறிஸ்டினாவும் பாடத் தெரிந்தவர்தான், என்ன செய்ய.

நாலாம் தந்தி:

எனக்கு வேறு மாதிரி அனுபவம். கல்லூரியில் கிட்டார் பிடித்துத் திரிந்த காலத்தில் ஒரு நண்பன் 'பெக்: மங்கோலியன் சாப் ஸ்குவாட்' கொடுத்தான். ஒரு ராக் இசைக்குழுவின் கதை, 2004இல் மேட்ஹவுஸ் செய்த 26 அத்தியாயங்கள். ஜப்பானிய மொழியில்தான் பார்த்தேன். கதைப்படி ரியுசுகேயும் அவன் தங்கை மாஹோவும் அமெரிக்காவில் வளர்ந்தவர்கள், தங்களுக்குள் ஆங்கிலம் பேசுவார்கள். ஆனால் அந்த ஆங்கிலத்தைக் கேட்டால் நியூயார்க் பக்கமே போகாதவர்கள் என்று தெரிந்துவிடும்.

பிறகு ஆங்கில டப்பிங்கைப் பார்த்தபோது அந்த நெருடல் போயே போய்விட்டது. எரிக் வேல் பேசுகிற ரியுசுகே உண்மையிலேயே ஊர் சுற்றியவன் போல அலட்சியமாக இருக்கிறான். மாஹோவாக பிரினா பலென்சியா பிரமாதம். ஆனால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிய கதைதான். குழுவில் பாடப்போகும் 14 வயது கொயுகி இவர்கள் பேசுவது புரியாமல் விழிப்பதும், ஆங்கிலம் கற்றுக்கொள்ளத் தவிப்பதும் கதையின் முக்கியமான சரடு. எல்லோரும் ஆங்கிலம் பேசுகிற உலகத்தில் அந்தத் தவிப்பு வலுவிழந்துவிடுகிறது. எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தக் கதையை ஆங்கிலத்தில் சொல்லும்போது அது கழன்றுதான் விழும்.

கொயுகிக்குப் பேசிய கிரெக் அய்ரஸ் பாடவும் செய்தார், அதுதான் நான் சொல்ல வந்தது. பெரிய பாடகர் இல்லை. மேல் ஸ்தாயிக்குப் போகையில் லேசாக நடுங்குகிறது. ஆனால் சற்று முன்பு திக்கித் திணறிப் பேசிய அதே பையன்தான் பாடுகிறான் என்று நம்ப முடிகிறது. நல்ல பாட்டா, நம்பகமான பாட்டா என்றால் இந்தக் கதைக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

இரவல் இயர்போன்:

நாலாம் தந்தி, இதில் உடன்படமாட்டேன். அவன் வாயைத் திறந்தால் கூட்டமே உறைந்து நிற்க வேண்டும் என்பது கதை. சுமாராகப் பாடினால் கூட்டம் ஏன் உறைகிறது?

நாலாம் தந்தி:

கதையை எழுதியவருக்கே அது சிக்கல்தான் அண்ணே. மூலக் கதையான மங்காவில் (ஜப்பானிய காமிக்ஸ்) அந்தப் பாட்டை யாரும் கேட்டதில்லையே. வாசகன் மனத்துக்குள் ஓடும் பாட்டோடு எந்தப் பாடகர் போட்டி போட முடியும்?

மழைக்கு ஒதுங்கியவள்:

வாத்தியம் வாசிக்கிற கதைகளில் பேச்சுக் குரலையும் பாட்டுக் குரலையும் ஒட்டவைக்கிற இந்த ஒட்டுத் தொல்லையே இல்லை, கவனித்தீர்களா? 'யுவர் லை இன் ஏப்ரல்' (2014-15, 22 அத்தியாயங்கள்) நான் ஆங்கிலத்தில்தான் முதலில் பார்த்தேன். பியானோ வாசிக்கிற கோசெய்யாக மேக்ஸ் மிட்டல்மேன், வயலின் வாசிக்கிற கவோரியாக எரிக்கா லிண்ட்பெக்.

இந்தத் தொடரில் நடிகருக்கு உள்ள சோதனை வேறு. போட்டி மேடையில் ஷோபானின் பியானோ இசை ஓடிக்கொண்டிருக்கும், அதன் மேலேயே மனக்குரலும் ஓடும். சத்தம் கூடினால் பியானோ கெடும், குறைந்தால் ஒரு வார்த்தையும் விளங்காது. தாய் இறந்த பிறகு தான் வாசிப்பது தனக்கே கேட்காமல் போகிற பையன் கோசெய். அந்த இடங்களில் மிட்டல்மேன் குரலை உயர்த்துவதில்லை. வார்த்தைகளின் நுனி தேய்ந்துகொண்டே போகிறது, தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல. சாதாரண வகுப்பறைக் காட்சிகளில் அதே குரல் வெகு இயல்பாக, கொஞ்சம் சோம்பலாக இருக்கும். அந்த வித்தியாசத்தை அவர் எங்கேயும் விட்டுவிடவில்லை.

நான்காம் அத்தியாயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கவோரி வயலினில் சான்-சான்ஸின் ரோண்டோ கப்ரிச்சியோசோ வாசிக்கிறாள், கோசெய் பியானோவில் துணை. பாதியில் அவன் கை நின்றுபோகிறது. அவளும் வில்லை நிறுத்திவிடுகிறாள். போட்டி அதோடு முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அவனைப் பார்த்து "மறுபடியும்" என்கிறாள். லிண்ட்பெக் அதை அழுகையாகவும் சொல்லவில்லை, கட்டளையாகவும் சொல்லவில்லை. விளையாட்டில் கீழே விழுந்தவனைக் கைகொடுத்து எழுப்புகிற தொனி. தொடக்க அத்தியாயங்களில் அவர் துள்ளல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பட்டது. இந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அந்தத் துள்ளலே வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. கடைசி அத்தியாயக் கடிதம் பற்றி எழுதமாட்டேன், பார்க்காதவர்கள் இருப்பார்கள்.

ஒரு குறை. நகைச்சுவைக் காட்சிகளில் எல்லோரும் கத்துகிறார்கள். ஜப்பானிய மொழியிலும் கத்தல்தான், ஆனால் ஆங்கிலத்தில் அது கூடுதலாகக் காதைக் குத்துகிறது. ஹெட்ஃபோனில் பார்ப்பவர்கள் ஜாக்கிரதை.

பின்வரிசை:

அக்கா சொல்கிற வாத்தியக் கதைக் கணக்கில் 'கிட்ஸ் ஆன் தி ஸ்லோப்'பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷினிச்சிரோ வாட்டனபே இயக்கம், யோகோ கன்னோ இசை, 2012. 1966ஆம் ஆண்டு நாகசாகி மாவட்டத்தின் சசெபோவில் நடக்கிற ஜாஸ் கதை. சென்டாரோவும் ரிட்சுகோவும் உள்ளூர் வழக்கில் பேசுகிறவர்கள், யோகோசுகாவிலிருந்து வந்த கவோரு அப்படிப் பேசுவதில்லை. ஆங்கிலப் பதிப்பில் அந்த வேறுபாடு தெரியவில்லை. திருநெல்வேலிக்காரரைச் செய்தி வாசிப்பவர் தமிழில் பேசவிட்ட மாதிரி இருக்கிறது. அந்நியனாக வந்து நிற்கிற கவோருவின் தனிமை பாதி அங்கேயே கரைந்துபோகிறது.

ஆனால் பள்ளி விழாவில் கவோருவும் சென்டாரோவும் பியானோவும் டிரம்ஸுமாக மோதிக்கொள்கிற காட்சி வருகிறதே, அங்கே எந்த மொழிப் பதிப்பானாலும் ஒன்றுதான். வாசித்தவர்கள் டகாஷி மட்சுனாகாவும் ஷுன் இஷிவாகாவும். டப்பிங் கலைஞர்களுக்கு அங்கே வேலையே இல்லை, நல்லவேளை.

வாய்ஸ் பூத்:

'கரோல் அண்ட் டியூஸ்டே' யாரும் தொடவில்லையா? அதே வாட்டனபே, 2019, செவ்வாய்க் கிரகத்தில் நடக்கிற கதை. பாடல்கள் அசலிலேயே ஆங்கிலம். நாய் பிஆர் எக்ஸ்எக்ஸ் கரோலுக்கும் செலெய்னா ஆன் டியூஸ்டேக்கும் பாடினார்கள். ஆக, ஜப்பானியப் பதிப்பில் பெண்கள் ஜப்பானிய மொழியில் பேசிவிட்டு அச்சு அசலான ஆங்கிலத்தில் பாடுவார்கள். ஆங்கில டப்பிங்கில் பேச்சும் பாட்டும் ஒரே மொழி. பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்போம் இல்லையா?

என் காதுக்கு நேர்மாறாக இருந்தது. மொழி வேறாக இருந்தபோது இரண்டு குரல் என்பதை மனம் தானாகவே ஏற்றுக்கொண்டது. மொழி ஒன்றானதும் சின்னச் சின்ன வேறுபாடெல்லாம் தெரிய ஆரம்பித்துவிட்டது. கரோலாக ஜீனி டிராடோ கலகலப்பாக, வார்த்தைகளை முன்பற்களில் தட்டித் தட்டிப் பேசுகிறார். நாய் பாடும்போது வார்த்தைகள் தொண்டையின் அடியில் உருள்கின்றன. முதல் அத்தியாயத்தில் இருவரும் சேர்ந்து முதல் பாட்டை உருவாக்குகிற இடத்தில், பேச்சு முடிந்து பாட்டு தொடங்குகிற அந்த ஒரு மூச்சு இருக்கிறதே, அதில் ஆள் மாறுவது எனக்குத் தெரிந்துவிடுகிறது. டியூஸ்டேக்குப் பேசிய பிரியானா நிக்கர்பாக்கரிடம் இந்தத் தொல்லை குறைவு. அவர் பேச்சையே மென்மையாக, காற்று கலந்து வைத்துக்கொண்டதால் செலெய்னாவின் பாட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போக முடிகிறது. தெரிந்தே செய்தாரா, தானாக அமைந்ததா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். தொழில்காரியாக எனக்குப் பொறாமையாக இருந்தது.

மழைக்கு ஒதுங்கியவள்:

அப்படியானால் ஒரே ஆளைப் போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்டால், 'பெல்' (2021) அதைத்தான் செய்தது. மமோரு ஹொசோடாவின் படம். ஜப்பானிய மொழியில் கஹோ நகமுரா பேசிப் பாடினார், ஆங்கிலத்தில் கைலி மெக்நீல் பேசிப் பாடினார், பாட்டு வரிகளும் ஆங்கிலத்தில். தாயை இழந்த பிறகு பாட வராத பெண் சுசு. 'யு' என்கிற மெய்நிகர் உலகத்தில் மட்டும் பெல்லாகப் பாடுகிறாள். கடைசிப் பகுதியில் சொந்த முகத்தோடு, சுசுவாகவே நின்று அவள் பாடும்போது அந்த ஒரே குரலின் பலன் முழுதாகக் கிடைக்கிறது. முதல் வரி தயங்கித் தயங்கி, பேச்சும் பாட்டும் பிரியாத நிலையில் வருகிறது. இரண்டு ஆட்களை வைத்து அதைச் செய்யவே முடியாது.

இரவல் இயர்போன்:

பாட்டில் முழு மதிப்பெண். ஆனால் பள்ளிக்கூடக் காட்சிகளில் அவர் பேச்சு எனக்குச் சற்றுத் தட்டையாகப் பட்டது. அனுபவமுள்ள டப்பிங் நடிகர் என்றால் அந்த முணுமுணுப்புகளிலேயே நான்கு விஷயம் சொல்லியிருப்பார்.

மழைக்கு ஒதுங்கியவள்:

சுசுவே தட்டையாகப் பேசுகிற பெண்தானே?

பின்வரிசை:

நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள், நான் 'அக்ரெட்சுகோ'வைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அதன் நாயகி தொழில்முறைப் பாடகி இல்லை, அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற சிவப்புப் பாண்டா. மாலையில் கரோக்கே அறையில் டெத் மெட்டல், அதாவது உறுமிப் பாடுகிற கடுமையான ராக் இசை. ஆங்கிலத்தில் பேச்சு எரிக்கா மெண்டெஸ் ('யுவர் லை இன் ஏப்ரல்' ட்சுபாகியும் இவர்தான்), உறுமல் ஜேமிசன் போஸ். ஜப்பானிய மொழியிலும் இரண்டு பேர். உறுமுகிறவர் இயக்குநர் ராரெச்சோவேதான். இத்தனை நேரம் நாம் குறை சொன்ன அந்த ஒட்டு இங்கே வேண்டுமென்றே நன்றாகத் தெரிகிற மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது. "சரிங்க சார்" என்று குழைந்த வாயிலிருந்து அடுத்த நொடியே வேறொரு ஆள் வந்து கத்துகிறான், நாம் சிரித்துவிடுகிறோம். உறுமலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால் மேலாளரை என்னவெல்லாம் திட்டுகிறாள் என்று சப்டைட்டில் இல்லாமலே புரியும். வேலை முடிந்து வந்து பார்க்கலாம், நெட்ஃபிளிக்ஸ் தயாரிப்பு, ஒவ்வொரு அத்தியாயமும் சின்னதுதான்.